முதுகுப் பலகைக்குக் காசு கொடுக்காதீர்கள்

ஸ்பானிய கிளாசிக்கல் கிட்டார் கேட்கத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே, கையால் செய்த வாத்தியம் ஒன்று வேண்டும் என்ற ஆசை வந்துவிடுகிறது. வாங்குகிறவர்களுக்குத் துணைக்குப் போகும்போதெல்லாம் அதே தவறுகளைத்தான் பார்க்கிறேன். பாதி, நானும் செய்தவை. உலோகக் கம்பி மாட்டாதே, வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதே என்பதையெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாதவை மட்டும் இங்கே.

திருப்பிப் பார்த்து விலை பேசுவது

கடையில் கிட்டார் கைக்கு வந்ததுமே, ஒரு சுரம்கூட மீட்டாமல் கவிழ்த்து முதுகைப் பார்ப்பவர்கள் உண்டு. அண்மையில் ஒருவர் அப்படித்தான் செய்தார். கரும்பழுப்பில் கறுப்பு ரேகை ஓடிய பிரேசில் ரோஸ்வுட். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து வைத்து ஃபோனில் படம் எடுத்தார். விற்றவரும் மரத்தின் பூர்வீகத்தைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. மாடு வாங்கப் போனவர் கழுத்து மணியைப் பார்த்து விலை பேசிய கதையாக முடிந்தது பேரம். பக்கத்திலேயே, பார்க்கச் சுமாரான இன்னொன்று ஏறக்குறைய பாதி விலைக்கு இருந்தது. அதன் முதல் கம்பியை ஒன்பதாவது ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) அழுத்தி மீட்டினால் சுரம் நீண்டு நின்று பாடியது. அவர் வாங்கியதில் அதே சுரம் 'டக்' என்று அணைந்தது. சொல்லிப் பார்த்தேன். வாசிக்க வாசிக்கச் சரியாகிவிடும் என்றார். இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான்.

ஒலி எங்கே பிறக்கிறது? கம்பி தனியாக அசைக்கும் காற்று மிகக் குறைவு. அது பிரிட்ஜை, அதாவது கம்பிகள் கட்டியிருக்கும் கட்டையை ஆட்டுகிறது, பிரிட்ஜ் முன்பக்கத்து மேல்பலகையை ஆட்டுகிறது. அந்தப் பலகையின் கனம் பெரும்பாலும் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர்தான். அதன் அடியில் விசிறி வடிவில் மெல்லிய சட்டங்கள் ஒட்டியிருக்கும். பலகையை எங்கே கனமாக விடுவது, சட்டத்தை எங்கே சீவுவது என்பதில்தான் செய்தவரின் கை தெரியும். இன்றைய கிளாசிக்கல் கிட்டாருக்கு உருவம் கொடுத்த அல்மேரியாக்காரர் அந்தோனியோ தெ தோரஸ், ஒலி மேல்பலகையில்தான் பிறக்கிறது என்று காட்டவே 1862-ல் ஒரு கிட்டார் செய்தார். மேல்பலகை மரம், முதுகும் பக்கங்களும் அட்டை! அது பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

முதுகுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்காகக் கொட்டும் கூடுதல் காசு பெரும்பாலும் மரத்தின் அபூர்வத்துக்குப் போகிறது, ஒலிக்கு அல்ல. போதாததற்கு, பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. உரிய அனுமதி இல்லாமல் அந்தக் கிட்டாரோடு நாடு விட்டு நாடு போனால் வம்புதான். அதற்கு மாற்றாக 1960-களிலிருந்து கிட்டார் செய்பவர்கள் பெருமளவில் எடுத்துக்கொண்டது இந்திய ரோஸ்வுட். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். அதில் செய்த நல்ல கிட்டார்களுக்கு ஒரு குறையும் இல்லை.

கடையில் வேறொருவரை வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் அறையின் மறுகோடிக்குப் போய்த் திரும்பி நின்றுகொள்ளுங்கள். எந்தக் கிட்டாரை வாசிக்கிறார் என்று அவர் சொல்லக் கூடாது. அப்புறம் முதல் கம்பியில் ஒவ்வொரு ஃபிரெட்டாக, பன்னிரண்டைத் தாண்டியும் மீட்டச் சொல்லி, எந்தச் சுரம் செத்து விழுகிறது என்று கேளுங்கள். மரத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

செடாரா, ஸ்ப்ரூஸா என்று சண்டை போடுவது

இரண்டும் மேல்பலகைக்கான மரங்கள். ஸ்ப்ரூஸ் பழைய மரபு. செடாரை 1960-களில் பரப்பியவர் மாட்ரிட்டில் கிட்டார் செய்த மூன்றாம் ஹோசே ரமிரெஸ். இரண்டிலும் நல்லதும் உண்டு, மட்டமும் உண்டு.

ஒலியைக் கூட்டி வைத்தே பழகுவது

ஹெட்ஃபோனில் அலற வைத்துக் கேட்டுவிட்டு, அரங்கில் மைக் இல்லாமல் வாசித்தால் 'இவ்வளவுதானா?' என்கிறார்கள். இவ்வளவுதான்! சில நிமிடம் பொறுத்தால் காது தானே இறங்கி வரும். வீட்டிலும் குறைத்து வைத்தே கேளுங்கள். ஸ்பானிய கிட்டார் கலைஞர் தார்ரெகா எழுதிய 'ரெகுயெர்தோஸ் தெ லா அல்ஹம்ப்ரா'வில் எல்லோரும் படபடக்கும் மூன்று விரல்களையே வியக்கிறார்கள். கட்டைவிரலைக் கேளுங்கள். அடியில் அது நிதானமாக நடந்துகொண்டே இருக்கிறது. நடுவில் சோகம் தோய்ந்த மைனர் சுரவரிசையிலிருந்து பிரகாசமான மேஜருக்கு மாறும் இடத்தில் வெளிச்சம் வருவது அப்போதுதான் பிடிபடும்.

வேகமாக இருந்தாலே ஃபிளமெங்கோ என்பது

இல்லை. ஃபிளமெங்கோ தெற்கு ஸ்பெயினின் தனி இசை மரபு. கிட்டாரில் வேகமாகக் கேட்டு ஃபிளமெங்கோ என்று நினைக்கத் தோன்றும் 'அஸ்தூரியாஸ்', ஸ்பானிய இசையமைப்பாளர் அல்பெனிஸ் பியானோவுக்கு எழுதியது.

ஏசி அறையில் திறந்து வைப்பது

ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருந்தால் கிட்டாருக்கு நல்லது. இரவு முழுக்க ஏசி, பகலில் கடற்காற்று என்று மாறி மாறிப் பட்டால் மரம் சுருங்கி விரியும். கழுத்தின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். ஃபிரெட் முனைகள் கீறினால் மரம் காய்ந்து சுருங்குகிறது என்று அர்த்தம். விரிசல் வரும்வரை காத்திருக்காமல், ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்றை வாங்கிப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். வாசிக்காத நேரத்தில் பெட்டி மூடியே இருக்கட்டும்.

சானிடைசர் கையோடு தொடுவது

ஃபிரெஞ்சு பாலிஷ் என்று சொல்லி விற்பது அரக்குப் பூச்சு. ஆல்கஹாலில் கரைத்துப் பூசியது, ஆல்கஹால் பட்டால் மறுபடி கரையும்.