ஹோர்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

காலை பத்தரைக்கு, ஹோர்டன் சமவெளித் தேசியப் பூங்காவில் வேர்ல்ட்ஸ் எண்ட் என்னும் செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பில் வந்து நிற்கும் குடும்பங்களைப் பார்த்தால் மனம் கனத்துப்போகும். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ இரவிரவாக வேனில் வந்திருப்பார்கள். முன்னால் வெள்ளை வெளேரென்று பனிமூட்டம் மட்டும். "இதைப் பார்க்கவா வந்தோம்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

விளிம்புக்குக் கீழே கிடப்பது பலாங்கொடைப் பக்கத்துத் தாழ்நிலம். வெயில் ஏற ஏற அங்குள்ள ஈரக்காற்று மலைச்சுவரைப் பிடித்துக்கொண்டு மேலேறும். மேலே போகப் போகக் குளிர்ந்து முகிலாகிவிடும். ஒன்பது, பத்து மணிக்குள் பள்ளம் முழுவதும் மூடிவிடுவது இதனால்தான். பூங்கா காலை 6 மணிக்குத் திறக்கும். நுவரெலியாவிலிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாக 32 கிலோமீட்டர், நாலரைக்கே புறப்பட்டுவிடுங்கள். ஏப்ரல் சீசன் என்றால் இன்னும் முந்த வேண்டும், வாசலில் வாகன வரிசை அப்படி நீளும். வானம் தெளிவாக இருக்க அதிக வாய்ப்புள்ள காலம் ஜனவரி முதல் மார்ச் வரை.

சீக்கிரம் போனவர்களும் ஓரிடத்தில் சறுக்குவார்கள். சுற்றுப்பாதை ஏறத்தாழ 9 கிலோமீட்டர். பாதை பிரியும் இடத்தில் பேக்கர் நீர்வீழ்ச்சியை முதலில் பார்க்கப் போய்விடுகிறார்கள். அருவி எங்கும் போகாது, பனிமூட்டத்திலும் அழகாகவே இருக்கும். விளிம்பை முதலில் பாருங்கள், திரும்பும் வழிக்கு அருவியை வையுங்கள்.

விடியலில் கடும் குளிர். ஜனவரி, பெப்ரவரியில் புல்லின் மேல் உறைபனி பூத்திருக்கும். பத்து மணிக்கோ வெட்டவெளி வெயில் கன்னத்தைச் சுடும். ஒரு தடித்த ஜாக்கெட்டைவிட, ஒவ்வொன்றாகக் கழற்றக்கூடிய இரண்டு மூன்று உடுப்புகள் நல்லது. செருப்போடு போகாதீர்கள், வேரும் சேறும் உருளும் கல்லுமான பாதை, சப்பாத்து வேண்டும்.

விளிம்பில் 800 மீட்டருக்கும் மேலான பள்ளம். 2015 பெப்ரவரியில் நெதர்லாந்துப் பயணி ஒருவர் மனைவியைப் படமெடுக்கப் பின்னால் நகர்ந்து கீழே விழுந்தார். மரமொன்றில் சிக்கியதால் உயிர் தப்பினார். எல்லோருக்கும் மரம் வாய்க்காது. படமெடுப்பவர் நகரக் கூடாது, எடுக்கப்படுபவரும் நகரக் கூடாது. சின்னப் பிள்ளைகளின் கையை விடவே கூடாது.

எனக்கு அதிகம் வலிப்பது மரை மான்களின் விடயம். வாகனத் தரிப்பிடத்தருகே அவை ஆளுக்குப் பயமில்லாமல் வந்து நிற்கும். "பாவம், பசிக்குது" என்று பணிஸையும் பிஸ்கட்டையும் நீட்டுகிறோம். அது பசியில்லை, நாங்கள் பழக்கிவிட்ட பழக்கம். சாப்பாட்டு வாசனை ஒட்டிய லஞ்ச் ஷீட் என்ற பொலித்தீன் தாளையும் அவை சேர்த்தே விழுங்கிவிடும். அசைபோடும் விலங்கின் முதல் வயிற்றில் பொலித்தீன் போனால் செரிக்காது, பெரும்பாலும் வெளியேறவும் செய்யாது, உருண்டையாகத் திரளும். வயிறு நிறைந்திருப்பதாகவே விலங்குக்குத் தோன்றும், மேயாமல் மெலிந்து செத்துப்போகும். இறந்த மரைகளின் வயிற்றிலிருந்து பொலித்தீன் எடுத்திருக்கிறார்கள். வாசலில் பைகளைச் சோதித்துப் பொலித்தீன் உறைகளைக் களையும் உத்தியோகத்தர்களோடு நம்மவர்கள் வாக்குவாதப்படுவதைப் பார்க்கும்போது வெட்கமாக இருக்கிறது. ரொட்டியும் சம்பலும் கொண்டுவருவதென்றால் வாழையிலையிலோ டப்பாவிலோ கட்டுங்கள். தோல், கொட்டை எதையும் புதருக்குள் எறியாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களுக்கு ஒரு சொல்: வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குக் கட்டணம் பலமடங்கு அதிகம். முன்கூட்டியே சொல்லிவிட்டால் வாசலில் முகம் வாடாது. உள்நாட்டவர் அடையாள அட்டையை மறக்க வேண்டாம்.

பாட்டுப்பெட்டியை வேனிலேயே விடுங்கள். 1939க்குப் பிறகு நெடுங்காலம் காணக் கிடைக்காமல் அழிந்தே போனதென்று நினைத்த ஒரு தேவாங்கு வகை இந்தக் காட்டில் மீண்டும் தென்பட்டு, 2010இல் அதன் படம் வெளியானது. அப்படிப்பட்ட உயிர்கள் ஒளிந்து வாழும் இடம் இது. மகாரத்மல் மரத்தின் சிவப்புப் பூவைப் பறிக்காதீர்கள். நீலகிரியின் காட்டுப்பூவரசுக்கு மிக நெருங்கிய சொந்தம் அது.

எல்லாம் சரியாகச் செய்தும் பனிமூட்டம் முந்திக்கொள்ளும் நாளும் உண்டு. அன்று பாதி வழியில் திரும்பிவிடுவதுதான் பலர் செய்யும் கடைசித் தவறு. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இந்த மேட்டுநிலத்திலிருந்து தண்ணீர் போகிறது. மழை தருவது போக, இந்த மூட்டமும் அதில் சேர்கிறது. காட்டுக்குள் நுழைந்து ஒரு கிளையருகே நில்லுங்கள். தாடிபோலத் தொங்கும் பாசியில் முகில் ஒட்டி, துளியாகி, நுனியில் நின்று, வேரடிக்குச் சொட்டுவதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.