விவரிப்பு முறை சிவி: எங்கே கோட்டை விடுகிறார்கள்?

பிரிட்டனில் அரசின் ஆய்வு நிதியை வழங்கும் யூகேஆர்ஐ அமைப்பிடம் விண்ணப்பிக்கிறீர்களா? கட்டுரைப் பட்டியலை அப்படியே ஒட்டினால் எடுபடாது. செய்த பணிகளைப் பட்டியலாக இல்லாமல் உரைநடையில் விவரிக்கும் 'ஆர்4ஆர்ஐ' என்ற சிவி வடிவம் கேட்பார்கள். பகுதிகள் நான்கு: புதிய அறிவுக்கான பங்களிப்பு, பிறரை வளர்த்தது, ஆய்வுச் சமூகத்துக்குச் செய்தது, சமுதாயத்துக்குக் கிடைத்த பயன். பல நிதி அறிவிப்புகளில் நான்குக்கும் சேர்த்தே 1,150 சொற்கள்தான். கூடுதல் விவரங்களுக்கு 500. அளவு மாறக்கூடும், அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கையும் சம அளவில் நிரப்பத் தேவையில்லை. இந்தத் திட்டத்தை உங்களால் முடிக்க முடியும் என்று காட்டும் பணிகளை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றிலும் உங்கள் பங்கு எது, அதனால் என்ன மாறியது, சான்று என்ன என்பது தெரிய வேண்டும்.

பலர் சறுக்குவது இரண்டாம் பகுதியில். "மாணவர்களை வழிநடத்தினேன்" என்பது மதிப்பீட்டாளருக்கு எதையும் சொல்வதில்லை. "முனைவர் பட்ட மாணவர் இருவருக்கு வழிகாட்டினேன், பகுப்பாய்வுப் பொறுப்பை முதலாண்டிலேயே அவர்களிடம் கொடுத்தேன், ஒருவர் இன்று தனி ஆய்வுக்குழு நடத்துகிறார்" என்று எழுதுங்கள், பிடி கிடைக்கும்.

உங்கள் கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதை வைத்துக் கணக்கிடும் எச்-குறியீடு, இதழின் மேற்கோள் அளவைக் காட்டும் இதழ்த் தாக்கக் காரணி இரண்டும் வேண்டாம். குழுவாக விண்ணப்பித்தால் ஆளுக்கொன்று எழுதாமல், குழு முழுவதற்கும் ஒரே விவரிப்பாக எழுதுங்கள்.