கப்பல்ல தனிக் காசு குடுத்து ஸ்பெஷல் ரெஸ்டாரண்ட்ல சாப்புடலாமா? டெல்டா குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

திருச்சியிலேர்ந்து சிங்கப்பூருக்கு நேரா ஃப்ளைட் இருக்கிறதால நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு க்ரூஸ்னாலே முதல்ல சிங்கப்பூர்தான் ஞாபகம் வரும், திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாணம் முடிச்ச கையோட அப்பா அம்மாவ கூட்டிட்டுப் போயி ஒரு மூணு நாலு ராத்திரி கப்பல்ல வெச்சு சுத்திக் காட்டுறது இப்ப சகஜமாயிட்டு. டிக்கெட் போட்டு முடிச்சதுமே கப்பல் கம்பெனி ஆப்புல ஆரம்பிச்சுடும், சாப்ஸ் கிரில் புக் பண்ணுங்க, தெப்பன்யாக்கி புக் பண்ணுங்க, இன்னைக்கு மட்டும் ஆஃபர், பல ராத்திரிக்கும் சேத்து மொத்தமா டைனிங் பேக்கேஜ் வாங்குனா லாபம்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்துகிட்டே இருக்கும். சாப்பாடு டிக்கெட்லயே இருக்குன்னு தானே சொன்னாங்க, அப்பறம் இது என்னன்னு எல்லாருக்கும் ஒரு குழப்பம்.

நான் நினைக்கிறத முதல்லயே சொல்லிடுறேன். மூணு நாலு ராத்திரி கப்பல்னா குடும்பத்தோட போறவங்க தனிக் காசு குடுக்கவே வேணாம். ஏழு ராத்திரியோ அதுக்கு மேலயோ போனா ஒரே ஒரு ராத்திரி, அதுவும் ரெண்டு பேரா, அவங்க சாப்புடுற சாப்பாட்டுக்கு ஏத்த ரெஸ்டாரண்டா பாத்துப் போனா குடுத்த காசு வீண் போகாது. பேக்கேஜ் நம்ம ஆளுங்கள்ல முக்காவாசி பேருக்கு ஒத்து வராது.

டிக்கெட்ல என்ன இருக்குன்னு முதல்ல பாத்துக்குங்க. மெயின் டைனிங் ரூம், பஃபே, இது ரெண்டும் பெரும்பாலான பெரிய கப்பல்கள்ல டிக்கெட்லயே சேந்தது. அதுக்கு மேலயும் சின்னச் சின்ன இடம் காசில்லாம இருக்கும், ராயல் கரீபியன் கம்பெனி கப்பல்கள்ல சொரன்டோஸ் பீட்சா, கஃபே ப்ராமனேட், கார்னிவல்ல கைஸ் பர்கர் கடை, இதெல்லாம் பாக்க காசு கேக்குற இடம் மாதிரி இருக்கும் ஆனா கேக்க மாட்டாங்க. தனிக் காசுன்னா ராயல் கரீபியன்ல சாப்ஸ் கிரில் (மாட்டுக்கறி ஸ்டேக் ஹவுஸ்), இசுமி (ஜப்பான் சாப்பாடு), நார்வீஜியன் கப்பல்ல கேக்னீஸ், பிரின்சஸ்ல கிரவுன் கிரில், இந்த மாதிரி தனியா பேரு வெச்ச ரெஸ்டாரண்டுங்க.

சாப்பாடு நல்லா இருக்குமான்னா, இருக்கும், அதுல சந்தேகமே இல்ல. மெயின் டைனிங்ல ஆயிரக்கணக்கான பேருக்கு ரெண்டு பந்தியா போட்டு முடிக்கணும், அதனால மொத்தமா செஞ்சு தட்டுல வெச்சுத்தான் தள்ளுவாங்க, ஸ்பெஷல் ரெஸ்டாரண்ட்ல நூத்திச் சொச்சம் பேருதான், நீங்க சொன்னப்பறம் தான் அடுப்புல ஏத்துவாங்க. சத்தம் இருக்காது, நிதானமா ரெண்டு மணி நேரம் உக்காந்து பேசலாம், நீங்க குடுக்குற காசுல பாதி அந்த அமைதிக்குத்தான்.

இப்ப விலை. ஸ்டேக் ஹவுஸ் மாதிரி இடத்துல தலைக்கு 60 டாலர்னு வெச்சுக்குங்க, கப்பலுக்குக் கப்பல் கூடும் குறையும். அது மேல 18 சதவீதம் டிப்ஸ் தானா ஏறும், சில கம்பெனியில 20. ஆக கிட்டத்தட்ட 71 டாலர், டாலருக்கு 85 ரூபான்னு போட்டாலே ஒரு ஆளுக்கு 6,000 ரூபா, நாலு பேருக்கு 24,000. கார்டுக்கு ஃபாரின் மார்க்கப்புன்னு பேங்க்காரங்க 3.5 சதவீதம் வரைக்கும் போடுவாங்க, அதுக்கு ஜிஎஸ்டி தனி. நம்ம நெல்லு கொள்முதல் நிலையத்துல (டிபிசி) 2025-26 சீசனுக்கு சாதா ரக நெல்லு குவிண்டால் 2,500 ரூபா, அப்ப நாப்பது கிலோ மூட்டை ஆயிரம் ரூபா, ஒரு வேளை ராத்திரி சாப்பாட்டுக்கு 24 மூட்டை நெல்லு போகுது. களத்துல காஞ்சு மழைக்கு பயந்து நெல்லு போட்ட அப்பாவுக்கு இந்தக் கணக்கு தெரிஞ்சா தொண்டையில இறங்காது, அவங்கள கூட்டிட்டுப் போறதா இருந்தா இதையும் யோசிச்சுக்குங்க.

விலைய விட எனக்கு பெருசா படுறது இன்னொண்ணு. அன்னைக்கு ராத்திரி மெயின் டைனிங் சாப்பாட்டுக்கு நீங்க ஏற்கெனவே டிக்கெட்ல காசு கட்டியாச்சு. அத விட்டுட்டுப் போயி இன்னொரு தடவ கட்டுறீங்க. கப்பல்ல தனிக் காசு ரெஸ்டாரண்ட் வெக்கிறது இன்னைக்கு நேத்து வந்ததில்ல, 1905ல அமெரிக்கான்னு ஒரு ஜெர்மன் கப்பல்லயே வந்துட்டு, 1912ல டைட்டானிக்லயும் ஏ லா கார்ட்னு தனிக் காசு ரெஸ்டாரண்ட் இருந்துச்சு, ஆனா பயணம் முழுக்க அங்கயே சாப்புட்டுக்குறேன்னு சொன்னவங்களுக்கு டிக்கெட்ல கொஞ்சம் கழிச்சுக் குடுத்தாங்க. இப்ப யாரும் ஒரு பைசா கழிக்கிறது கிடையாது. மூணு ராத்திரி கப்பல்ல ஒரு ராத்திரிய இப்படி விட்டா நீங்க காசு கட்டுன ராத்திரி சாப்பாட்டுல மூணுல ஒரு பங்கு போச்சு, ஏழு ராத்திரின்னா அவ்வளவு வலிக்காது, அதனாலதான் நாள் கணக்க முதல்லயே சொன்னேன்.

அடுத்தது சைவம், நம்ம பக்கம் இதுல தான் நிறைய பேரு ஏமாறுறாங்க, அதனால கொஞ்சம் விலாவரியா சொல்றேன்.

ஸ்டேக் ஹவுஸ்னா மாட்டுக்கறி தான் அங்க முக்கியம். கவர் சார்ஜ்னு தலைக்கு ஒரே ரேட்டா வாங்குற இடத்துல சைவம் சாப்புடுறவங்களும் அதே 60 டாலர் தான் கட்டணும், கட்டிட்டு உருளக்கிழங்கு, கீரை, காளான்னு சைடு டிஷ்ஷா சாப்புட்டுட்டு வரணும். அதுலயும் ஆனியன் சூப்புன்னு பேரு இருக்கும், மாட்டெலும்பு ஸ்டாக்குல செய்றது தான் வழக்கம். சீசர் சாலட் டிரஸ்ஸிங்ல நெத்திலி மாதிரி சின்ன மீனு அரைச்சு போடுவாங்க. இத்தாலியன் சைவத்துக்கு ஓரளவு பரவால்ல, ஆனா நெசமான பார்மசான் சீஸ் கன்னுக்குட்டி வயித்துலேர்ந்து எடுக்குற ரென்னட் போட்டு செய்றது, டிரமிசுங்குற இனிப்புல முட்டை, பன்னகோட்டாங்குற இனிப்புல விலங்குலேர்ந்து எடுக்குற ஜெலட்டின், கெட்டியான ஆசாரக்காரங்க இத மூணையும் கேக்காம தொடக்கூடாது. ஜப்பான் இடத்துல மிசோ சூப்புல தாஷிங்குற மீன் ஸ்டாக்கு, தாய் கறியில மீன் சாஸ். தெப்பன்யாக்கில உங்க கண்ணு முன்னாடி சமைப்பாங்க, பிள்ளைங்களுக்கு நல்ல வேடிக்கை, ஆனா இறால், மாடு, உங்க காய்கறி எல்லாம் அதே இரும்புத் தட்டுல தான் பொரளும், தனியா செஞ்சு தாங்கன்னு முன்கூட்டியே சொல்லணும், சொல்றதுக்கு கூச்சப்படாதீங்க, அவங்களுக்கு இது தினம் கேக்குற விஷயம்.

அசைவம் சாப்புட்டாலும் மாடு தொடாத குடும்பம் நம்மள்ல நிறைய, அவங்களுக்கு ஸ்டேக் ஹவுஸ்ல ஆட்டு சாப்ஸ், கோழி, மீன் இருக்கும், நல்லாவும் இருக்கும், ஆனா அந்தக் காசு எந்த அயிட்டத்துக்காக வாங்குறாங்களோ அத நாம சாப்புடப் போறதில்ல. அப்படிப்பட்டவங்க மீன் ரெஸ்டாரண்டோ இத்தாலியனோ பாக்கலாம். நாகூர், கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கத்துலேர்ந்து போறவங்க ஹலால் மட்டும் கேட்டா பத்தாது, சாஸ்ல ஒயின் ஊத்துறாங்களான்னும் கேக்கணும், பிரெஞ்சு இத்தாலியன் சமையல்ல அது ரொம்ப சாதாரணம். சிங்கப்பூர்லேர்ந்து போற ஜென்டிங் ட்ரீம் கப்பல்ல ஹலாலும் இந்திய சைவமும் டிக்கெட்லயே கிடைக்குது, இந்த விஷயத்துல மன நிம்மதி வேணும்னா கப்பல் எதுன்னு முடிவு பண்றப்பவே இத பாத்துக்குறது நல்லது.

காசில்லாம நல்லா சாப்புடுறதுக்கு வழி என்னன்னா, ஏறுன முதல் ராத்திரியே மெயின் டைனிங்குக்குப் போயி ஹெட் வெயிட்டர கூப்புட்டு நாங்க இன்னின்ன சாப்புட மாட்டோம், நாளைக்கு ராத்திரிக்கு இந்தியன் சைவம் செஞ்சு தர முடியுமான்னு கேளுங்க. கார்னிவல்ல மெயின் டைனிங்லயே தினம் இந்திய சைவம் உண்டு, ராயல் கரீபியன்லயும் முதல் நாளே சொல்லி வெச்சா செஞ்சு தர்ற வழக்கம் இருக்கு. இந்தியாவுலேர்ந்து போன சமையக்காரங்க நெறய பேரு கப்பல் கிச்சன்ல இருக்காங்க, சொன்னா மனசோட செய்வாங்க. ஒரே டேபிள், ஒரே வெயிட்டர்னு கேட்டு வாங்கிக்கிட்டா ரெண்டாம் நாள்லேர்ந்து அம்மாவுக்கு காரம், அப்பாவுக்கு தயிருன்னு கேக்காமலே வரும். வயசானவங்களுக்கு இத விட பெரிய சவுகரியம் எந்த ஸ்டேக் ஹவுஸ்லயும் கிடையாது. வீட்டு ரைஸ் குக்கர், கெட்டில், இண்டக்ஷன் எல்லாம் எடுத்துட்டுப் போலாம்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, தீப்பிடிக்கும்னு கப்பல் ஏறுறப்பவே வாங்கி வெச்சுப்பாங்க.

சரி, எப்ப தான் போகலாம்? கல்யாண நாளு, ரெண்டு பேரு மட்டும், வித்தியாசமா சாப்புடுறதுல ஆசை உள்ளவங்க, இவங்க தாராளமா போகலாம். பேரப்பிள்ளைங்கள நீங்க பாத்துக்கிட்டு, அறுபதாம் கல்யாணம் பண்ணிக்கிட்ட தம்பதிய மட்டும் ஒரு இத்தாலியன் இடத்துக்கு ஜன்னல் ஓர டேபிள் போட்டு அனுப்பி வெச்சா, வாழ்நாள் முழுக்க கூட்டுக் குடும்பத்துல பத்து பேருக்கு பரிமாறிட்டு கடைசியா சாப்புட்ட அம்மாவுக்கு அது நெசமாவே பெரிய விஷயம், அங்க நான் காசு கணக்கு பாக்க மாட்டேன். மொத்தக் குடும்பத்துக்கும் 24,000 செலவு பண்றத விட அவங்க ரெண்டு பேருக்கு 12,000 செலவு பண்றது நூறு மடங்கு மேல்.

போறதுன்னு முடிவு பண்ணிட்டா சில விஷயம். கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே ஆப்புல புக் பண்ணுங்க, கப்பல் உள்ள போயி வாங்குனா பெரும்பாலும் விலை கூட. புக் பண்ணப்பறமும் அப்பப்ப விலைய பாருங்க, குறைஞ்சிருந்தா பழச கேன்சல் பண்ணிட்டு புதுசா போட்டுக்கலாம், கேன்சல் பண்ண எத்தன மணி நேரம் டைம்னு மட்டும் முதல்லயே படிச்சுக்குங்க. கப்பல் கரைக்கே போகாம கடல்லயே இருக்கிற நாள்ல சில ரெஸ்டாரண்ட் மதியமும் தெறப்பாங்க, மதியம் விலை கம்மி, சாப்பாடு கிட்டத்தட்ட அதே தான், என்னக் கேட்டா இது தான் நல்ல பேரம். முதல் ராத்திரி கூட்டம் இருக்காதுன்னு சில கப்பல்ல தள்ளுபடி குடுப்பாங்க, அதையும் கேட்டுப் பாருங்க. எல்லாரும் நல்லா டிரஸ் பண்ணிக்கிட்டு வர்ற ஃபார்மல் நைட் அன்னைக்கு மட்டும் மெயின் டைனிங்க விட்டுட்டுப் போகாதீங்க, ஏழு ராத்திரி கப்பல்கள்ல அன்னைக்குத்தான் மெயின் டைனிங்ல லாப்ஸ்டர் மாதிரி நல்ல அயிட்டம் வரும். ஷோ டைம பாத்துட்டு புக் பண்ணுங்க, ஏழரைக்கு உக்காந்தா ஒம்போதரை ஆயிடும். சின்னப் பிள்ளைங்களுக்கு சில கம்பெனியில ரொம்ப கம்மி ரேட், சில இடத்துல இலவசம், டிஸ்னி கப்பல்ல பாலோ மாதிரி இடத்துல பிள்ளைங்கள உள்ளயே விட மாட்டாங்க. டிரஸ்ஸும் பாத்துக்குங்க, ராத்திரி ட்ராயர் செருப்போட போனா திருப்பி அனுப்பிடுவாங்க.

பேக்கேஜ் ஏன் வேணாம்னா, அது ஸ்டேக்கும் சுஷியும் மாத்தி மாத்தி சாப்புடுறவங்களுக்காக போட்டது. நாலு ராத்திரியும் வேற வேற இடத்துல ரெண்டு மணி நேரம் உக்காரணும், மூணாம் நாளே வீட்டுல ரசம் சாதம் கேக்க ஆரம்பிச்சுடுவாங்க, கட்டுன காசுக்காக சாப்புட வேண்டியதாயிடும்.

சென்னையிலேர்ந்து கார்டிலியா கப்பல்ல போறவங்களுக்கு, அது 2022 ஜூன்லேர்ந்து சென்னைக்கு வர ஆரம்பிச்சுது, ஃபுட் கோர்ட்டும் ஸ்டார்லைட் ரெஸ்டாரண்டும் டிக்கெட்ல சேந்தது, சாப்ஸ்டிக்ஸ் ரெஸ்டாரண்ட் தனிக் காசு. அந்தக் கப்பல்ல நம்ம சாப்பாடே கிடைக்கிறதால தனியா போக அவசியம் இல்ல. அதே மாதிரி ஓஷியானியா, ரீஜென்ட், வர்ஜின் வாயேஜஸ்னு இந்த கப்பல் கம்பெனிங்கள்ட்ட ஸ்பெஷல் ரெஸ்டாரண்டும் டிக்கெட்லயே சேந்துடும், ஆனா ஓஷியானியா, ரீஜென்ட்லாம் டிக்கெட் விலையே ரொம்ப மேல. சாப்பாட்டுக்காகவே கப்பல் போற ஆளுன்னா தனித்தனியா கட்டுறதுக்கு பதிலா அத ஒரு தடவ கணக்கு போட்டுப் பாக்கலாம்.

கடைசியா பில்லு. சாப்புட்டு முடிச்சதும் ஒரு ஸ்லிப் வரும், அதுல எக்ஸ்ட்ரா கிராஜுவிட்டின்னு (கூடுதல் டிப்ஸ்) ஒரு கட்டம் காலியா இருக்கும், 18 சதவீதம் ஏற்கெனவே உள்ள சேந்தாச்சு, அங்க ஒரு கோடு போட்டுட்டு கையெழுத்து போடுங்க, வெயிட்டர் ரொம்ப நல்லா கவனிச்சாருன்னு தோணுனா மட்டும் எழுதுங்க. கவர் சார்ஜ் இடத்துலயும் லாப்ஸ்டர், வாக்யு மாட்டுக்கறி மாதிரி அயிட்டத்துக்கு மெனுவுலயே பக்கத்துல ஒரு தொகை போட்டிருக்கும், அது தனி, தண்ணி பாட்டிலும் தனி, சாதா தண்ணி கேட்டா இலவசம். பில்ல ரூபாயில மாத்தித் தரட்டான்னு எங்கயாச்சும் கேட்டா வேணாம், டாலர்லயே போடுங்கன்னு சொல்லுங்க, அவங்க மாத்துற ரேட்டு மோசமா இருக்கும். எறங்குறதுக்கு முந்துன ராத்திரி ஆப்புல உங்க அக்கவுண்ட தெறந்து ஒரு தடவ வரி வரியா பாத்துடுங்க, கேன்சல் பண்ணது எதாச்சும் ஏறியிருந்தா கெஸ்ட் சர்வீஸ்ல அன்னைக்கே சொல்லி எடுத்துடலாம், காலையில போனா வரிசை கப்பல் நீளத்துக்கு நிக்கும்.