மோட்டார் இல்லாமலே டிரைவைச் சோதிக்கும் முறை

பினாங்கில், பாயான் லெப்பாஸில் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மோட்டார் டிரைவைச் சோதிப்பதுதான் என் வேலை. முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருநாள் 3,000 ஆர்பிஎம்மில் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரில், சுழலும் பகுதியான ரோட்டரின் கோணத்தைச் சொல்லும் என்கோடரின் கேபிள் கழன்றுவிட்டது. ரோட்டர் நின்றுவிட்டது என்று நினைத்து கண்ட்ரோலர் கரண்டை ஏற்றியது; ரோட்டரோ சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கரண்ட் அளவுமீறினால் நிறுத்தும் ஓவர்கரண்ட் டிரிப் மென்பொருளில் மட்டும் இருந்ததால், அது விழிப்பதற்குள், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை ஸ்விட்ச் செய்யும் ஐஜிபிடி மாட்யூல் வெடித்துவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை. அன்று முதல், ரியல் டைம் சிமுலேட்டரில் தேறாத ஃபர்ம்வேரை (கண்ட்ரோலருக்குள் ஓடும் மென்பொருளை) நான் நிஜ மோட்டார் உள்ள பெஞ்சில் ஏற்றுவதில்லை.

இதில் கண்ட்ரோலர் போர்டு மட்டும்தான் நிஜம். டிசியை ஏசியாக்கி மோட்டாருக்குத் தரும் இன்வெர்ட்டரும் மோட்டாரும் சிமுலேட்டருக்குள் கணக்காக ஓடும். இன்வெர்ட்டரின் ஆறு ஸ்விட்சுகளுக்கு போர்டு அனுப்பும் ஆறு கேட் சிக்னலையும் சிமுலேட்டர் வாங்கிக்கொண்டு, கரண்ட் சென்சாரும் என்கோடரும் தரவேண்டிய சிக்னலைத் திருப்பித் தரும்.

முதலில் டைம் ஸ்டெப்பை, அதாவது சிமுலேட்டர் ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் விடும் இடைவெளியைப் பாருங்கள். பிடபிள்யூஎம் (ஸ்விட்சை வேகமாக ஆன், ஆஃப் செய்து வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் முறை) 10 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு சுற்று 100 மைக்ரோசெகண்ட். மேல் ஸ்விட்சும் கீழ் ஸ்விட்சும் சேர்ந்து அணைந்திருக்கும் டெட் டைம் 2 மைக்ரோசெகண்ட் என்று வைத்துக்கொள்வோம். மாடலை 20 மைக்ரோசெகண்ட் ஸ்டெப்பில் ஓட்டினால் டெட் டைம் அதன் கண்ணிலேயே படாது. ஆகவே இன்வெர்ட்டரையும் மோட்டாரின் மின்பகுதியையும் எஃப்பிஜிஏவில் (பல கணக்கை ஒரே நேரத்தில் போடும் சிப்பில்), 1 மைக்ரோசெகண்டுக்கும் கீழே ஓட்டுங்கள். ஷாஃப்டும் லோடும் மெதுவாக மாறுபவை, சிபியூ போதும்.

கண்ட்ரோலரை மாட்டுவதற்கு முன் தாளும் பேனாவும் எடுங்கள். இந்த ஒன்றை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். உதாரணமாக, 4 போல் ஜோடி (வட, தென் காந்த முனை ஜோடி), ரோட்டர் காந்தத்தின் ஃபிளக்ஸ் 0.1 வெபர். 3,000 ஆர்பிஎம்மில் மின் அதிர்வெண் 200 ஹெர்ட்ஸ். சுற்றும் மோட்டார் தானே உண்டாக்கும் வோல்ட்டேஜ்தான் பேக் இஎம்எஃப்; ஒரு ஃபேஸில் அதன் உச்சம் 6.28 × 200 × 0.1, ஏறக்குறைய 126 வோல்ட். கேட் எல்லாவற்றையும் அணைத்து, மாடலின் ஷாஃப்டை அந்த வேகத்தில் சுற்றவிட்டுப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், "அண்ணே, 251 காட்டுது" என்று வந்து நின்றார். போல் ஜோடி கேட்ட இடத்தில் போல் எண்ணிக்கை 8ஐப் போட்டிருந்தார். அடுத்து ரோட்டரைப் பூட்டி டி அச்சில் (ரோட்டர் காந்தத்தின் திசையில்) 5 வோல்ட் கொடுங்கள். 0.5 ஓம், 4 மில்லிஹென்றி என்றால் கரண்ட் 8 மில்லிசெகண்டில் 6.3 ஆம்பியரைத் தொட்டு, பிறகு 10இல் நிலைக்க வேண்டும்.

இணைக்கும்போது வோல்ட்டேஜில் கவனம். சிமுலேட்டரின் அவுட்புட் 10 வோல்ட் வரை போகும். போர்டின் ஏடிசி (வோல்ட்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) 3.3க்கு மேல் தாங்காது. சுழி ஆம்பியருக்கு அதில் பாதியான 1.65 வோல்ட் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கேபிளைச் செருகுங்கள். பிறகு கரண்டைக் கட்டுப்படுத்தும் கரண்ட் லூப்பைச் சோதியுங்கள், அது சரியானபின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீட் லூப்பை.

இனி அந்த என்கோடர் கேபிளை சிமுலேட்டருக்குள் நீங்களே அறுக்கலாம். 2,500 கோடு என்கோடர் 3,000 ஆர்பிஎம்மில் 8 மைக்ரோசெகண்டுக்கு ஒரு பல்ஸ் தரும். ஸ்கோப்பில் ஒரு சேனலில் அதையும், இன்னொன்றில் ஒரு கேட்டையும் வையுங்கள். பல்ஸ் கோடு சட்டென்று தட்டையாகும். கேட் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் துடித்துக்கொண்டிருக்கும். அது அடங்கும்வரை உள்ள இடைவெளியை அளந்து எழுதுங்கள். நம் 400 வோல்ட் மெயின்ஸை ரெக்டிஃபை செய்தால் பஸ் (இன்வெர்ட்டருக்கு வரும் டிசி) ஏறக்குறைய 565 வோல்ட். 4 மில்லிஹென்றிக்குக் குறுக்கே 400 வோல்ட் நின்றாலே கரண்ட் மில்லிசெகண்டுக்கு 100 ஆம்பியர் ஏறும். இடைவெளி எவ்வளவு குறுகலாக இருக்கவேண்டும் என்பதை உங்கள் மாட்யூலின் டேட்டாஷீட்டோடு வைத்துக் கணக்கிடுங்கள்.

ஒருமுறை அறுத்தால் போதாது. ரோட்டர் எந்தக் கோணத்தில் இருக்கும்போது அறுபடுகிறது என்பதைப் பொறுத்துக் கரண்ட் மாறும். கோணத்தையும் வேகத்தையும் மாற்றி மாற்றி அறுக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிடுங்கள். மாலை நெரிசலில் பாலம் கடந்து நான் பட்டர்வொர்த் போய்ச் சேர்வதற்குள் என் ஸ்கிரிப்ட் நூற்றுக்கணக்கான முறை அறுத்து முடித்திருக்கும். ஃபேஸ் துண்டிப்பு, பிரேக்கிங்கில் பஸ் வோல்ட்டேஜ் ஏறுவது எல்லாவற்றையும் இதே வழியில் பார்க்கலாம்.

சூடும் மின்காந்த இரைச்சலும் இதில் தெரியாது; அதற்கு பெஞ்சுக்குத்தான் போகவேண்டும். போகும்போது, டிரிப் மிகத் தாமதமாக வந்த அந்த ஒரு ஓட்டத்தின் வேவ்ஃபார்மை அச்சிட்டு எடுத்துப்போங்கள்.