மிதிக்கும்போது செயின் தாவுகிறதா? கடற்கரைச் சாலையில் ஓடும் கியர் சைக்கிளில் பழுதைக் கண்டறியும் முறை

பாம்பன் சாலைப் பாலத்தின் நடுமேட்டை நோக்கி, எதிர்க்காற்றில் எழுந்து நின்று மிதித்தபோதுதான் என் சைக்கிளின் செயின் முதன்முறையாகத் தாவியது. டக்கென்ற ஓசையோடு மிதி திடீரெனக் கீழே போனது. முழங்கால் கைப்பிடியில் மோதியது. கடையில் காட்டினேன், பார்த்த மாத்திரத்தில் புதுச் செயின் போட்டுக் கொடுத்தார்கள். மறுநாள் முன்பைவிட அதிகமாகத் தாவியது. பழுது எங்கே என்று பார்க்காமல் பாகத்தை மாற்றியதற்கு நான் கொடுத்த விலை அது. புதுச் செயின் ஏன் நிலைமையை மோசமாக்கியது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

செயின் நழுவுகிறது என்று பொதுவாகச் சொன்னாலும், அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. செயின் பல்லின் மேல் ஏறி அடுத்த பல்லில் விழுவது ஒன்று. கியர் நெம்புகோலைத் தொடாமலே செயின் பக்கத்துப் பல்சக்கரத்துக்கு மாறப் பார்ப்பது இன்னொன்று. செயின் பல்லில் சரியாக அமர்ந்திருக்க, பின்சக்கர நடுவில் உள்ள பிரீவீல் பிடிக்காமல் வெறுமனே சுற்றுவது மூன்றாவது. கால் உணர்வை மட்டும் வைத்து இவற்றைப் பிரித்தறிவது கடினம்.

மூன்றாவதை முதலில் விலக்கிவிடுவது எளிது. பின் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மிதியைக் கையால் முன்பக்கமாக அழுத்துங்கள். பிரீவீல் நன்றாக இருந்தால் மிதி உடனே விறைத்து நின்றுவிடும். சக்கரம் அசையாமல் இருக்க, பல்சக்கரத் தொகுதி மட்டும் முன்னோக்கி வழுக்கினால், உள்ளே இருக்கும் சிறு கொக்கிகள் கெட்டிப்பட்ட கிரீஸிலோ துருவிலோ சிக்கியிருக்கின்றன என்று பொருள். ஒருமுறை பிடித்துவிட்டது என்பதால் நம்பிவிட வேண்டாம். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஏழெட்டு இடங்களில் சோதிக்க வேண்டும்.

அடுத்து, எத்தனை சுற்றுக்கு ஒருமுறை தாவுகிறது என்று எண்ணுங்கள். செயினில் 112 கண்ணிகளும் முன் பல்சக்கரத்தில் 32 பற்களும் இருந்தால், செயின் ஒருமுறை முழுதாகச் சுற்றிவர மிதி மூன்றரைச் சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்குப்படி ஒழுங்காகத் தாவினால், குற்றம் செயினின் ஒரே ஒரு கண்ணியில் இருக்கிறது. ஒவ்வொரு மிதிச் சுற்றிலும் ஒரே இடத்தில் தாவினால், முன் பல்சக்கரத்தில் ஒரு பல் வளைந்திருக்கலாம். எந்த ஒழுங்கும் இல்லாமல், பலம் கொடுத்து மிதிக்கும்போதெல்லாம் தாவினால், தேய்மானத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

நம் கரையோரத்தில் நான் முதலில் சந்தேகிப்பது அந்த ஒற்றைக் கண்ணியைத்தான். மண்டபத்திலோ தனுஷ்கோடிச் சாலையிலோ ஓட்டிவிட்டு, துடைக்காமல் இரண்டு நாள் நிறுத்தினாலே உப்புக்காற்றில் செயின் சிவப்பேறிவிடுகிறது. உள்ளே நுழைந்த மணலும் சேர்ந்துகொண்டால் ஏதேனும் ஒரு கண்ணி மடங்க மறுத்து விறைத்துவிடும். இதைக் கண்டுபிடிக்கச் சைக்கிளின் பின்பக்கத்தைச் சற்றுத் தூக்கி, மிதியைக் கையால் மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றியபடி, பின்னால் தொங்கும் டீரெய்லரின், அதாவது செயினை நகர்த்திக் கியர் மாற்றும் பாகத்தின், இரண்டு சிறு சக்கரங்களை மட்டும் கவனியுங்கள். விறைத்த கண்ணி அங்கே வந்து வளையும்போது நேராகவே நிற்க முயலும். டீரெய்லர் ஒரு துள்ளல் துள்ளும். அந்தக் கண்ணியைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இரு கட்டைவிரல்களாலும் செயினைப் பக்கவாட்டில் இப்படியும் அப்படியும் மெல்ல வளைத்தால் பெரும்பாலும் தளர்ந்துவிடும். கண்ணிகளை இணைக்கும் ஊசியையே துரு அரித்திருந்தால் இந்த வைத்தியம் பலிக்காது. செயினை மாற்றத்தான் வேண்டும்.

கண்ணிகள் எல்லாம் தாராளமாக மடங்கினால், செயின் நீண்டிருக்கிறதா என்று அளக்க வேண்டும். இதற்கு எஃகு டேப் தேவை. தையல்காரரின் டேப் தானே நீளும். செயின் இழுபட்டு நிற்கும் நிலையில் ஓர் ஊசியின் நடுவில் டேப்பின் பூஜ்யத்தை வைத்து, அங்கிருந்து 24ஆவது ஊசியின் நடுவைப் பாருங்கள். புதுச் செயினில் அது மிகச் சரியாக 12 அங்குலத்தில், அதாவது 304.8 மில்லிமீட்டரில் விழும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தள்ளி விழுந்தால் அரை சதவீதம் நீண்டிருக்கிறது. பின்னால் 11 அல்லது 12 பல்சக்கரங்கள் கொண்ட தொகுதிகளுக்கு அதுவே செயினை மாற்ற வேண்டிய அளவு. 21 கியர் சைக்கிள்களில் வரும் ஏழு பல்சக்கரத் தொகுதி முக்கால் சதவீதம் வரை, அதாவது ஏறத்தாழ 2.3 மில்லிமீட்டர் வரை தாங்கும். எட்டில் ஒரு பங்கு அங்குலத்தைத் தொட்டுவிட்டால் அந்தச் செயின் பற்களையும் சேர்த்துத் தின்றிருக்க வாய்ப்பு அதிகம்.

என் புதுச் செயின் தாவியதற்குக் காரணம் இதுதான். நீண்டுபோன பழைய செயினும் தேய்ந்த பற்களும் ஒன்றுக்கொன்று பழகி, ஒருவாறு பொருந்தி ஓடிக்கொண்டிருந்தன. சரியான அளவுள்ள புதுச் செயின் அந்தப் பள்ளங்களில் அமராமல் மேலே ஏறியது. இராமநாதபுரத்துத் தரை பெரும்பாலும் சமம் என்பதால், நாம் பின்னால் உள்ள சிறிய இரண்டு மூன்று பல்சக்கரங்களிலேயே ஓட்டிப் பழகியிருக்கிறோம். பெரியவை மெருகு குலையாமல் இருக்க, சிறியவற்றின் பற்கள் சுறாத் துடுப்பைப் போல ஒருபக்கம் சாய்ந்து கூர்மையாகிவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத தேய்மானத்தையும் ஒரு சோதனை காட்டிக்கொடுக்கும்: பெரிய சக்கரத்தில் போட்டு அழுத்தி மிதித்தால் தாவாமலும், வழக்கமான சிறிய சக்கரத்தில் மட்டும் தாவியும் இருந்தால், மாற்ற வேண்டியது பின்பக்கத் தொகுதி. இந்தச் சோதனையைப் பேருந்துகள் ஓடும் பாலத்தில் செய்யாமல், ஆளில்லாத மைதானத்தில், இருக்கையில் உட்கார்ந்தபடியே செய்யுங்கள்.

செயின் பக்கத்துச் சக்கரத்தை உரசிக்கொண்டும் தானாக மாறிக்கொண்டும் இருந்தால், நெம்புகோலிலிருந்து டீரெய்லருக்குப் போகும் கேபிளைப் பார்க்க வேண்டும். மிதியைச் சுற்றியபடி பின்னால் பெரிய சக்கரத்துக்கு மாற்றி, சுற்றுவதை நிறுத்திவிட்டு நெம்புகோலைச் சிறிய சக்கரத்துக்கான நிலைக்குக் கொண்டுவாருங்கள். கேபிள் தளர்ந்து, வெளியுறை பிடிப்பிலிருந்து கழன்று வரும். உறையைக் கம்பியின்மேல் நகர்த்திப் பார்த்தால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும்; நறநறத்தால் உள்ளே துரு, இரண்டையும் மாற்றிவிடலாம். கம்பி நன்றாக இருந்தால் டீரெய்லரில் கேபிள் நுழையும் இடத்துத் திருகைக் கால் சுற்றாகத் திருப்புங்கள்: பெரிய சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் இடஞ்சுழியாக, பெரிய சக்கரத்தை உரசினால் வலஞ்சுழியாக. எவ்வளவு திருப்பியும் ஒரு கியர் சரியானால் இன்னொன்று கெடுகிறதென்றால், சைக்கிளைப் பின்னாலிருந்து பாருங்கள். டீரெய்லரின் இரண்டு சிறு சக்கரங்களும் பல்சக்கரத்துக்கு நேர்கீழே வராமல் உள்பக்கம் சாய்ந்திருந்தால், அதைத் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கிறது. வேனில் வலப்பக்கமாகப் படுக்கவைத்து ஏற்றிவந்த சைக்கிளில் இதை எதிர்பார்க்கலாம்.

கழுவுவதில் ஓர் எச்சரிக்கை. இங்கே பல ஊர்களில் ஆழ்குழாய்த் தண்ணீரே உப்பு. அதைப் பீய்ச்சிக் கழுவினால் கடல் விட்டுவைத்ததை நாமே முடித்துவைக்கிறோம். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்து, உலர்ந்ததும் செயின் கண்ணிகளின் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டுச் செயின் எண்ணெய் விட்டு, ஐந்து நிமிடம் மிதியைப் பின்னோக்கிச் சுற்றிய பிறகு வெளியில் இருப்பதை முழுவதும் துடைத்தெடுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விடுபவர்கள் உண்டு. அது நாளடைவில் பிசினாகி மணலைப் பிடித்துவைத்துக்கொள்ளும். துடைத்த செயினை விரலால் தொட்டால் கருமை லேசாக ஒட்டலாம், ஈரமாக வழியக் கூடாது.