'கோவை' என்று தேடினால் பாதி வேலைகள் மட்டும் வந்த கதை

எங்கள் ஊர்ப்பக்கத்து வேலைவாய்ப்புத் தளத்தில் 'கோவை' என்று தேடினால் 9 வேலைகள்தான் வந்தன. பட்டியலில் இருந்தவை 14. நான்கு நாள் போனது.

தேடல் இன்டெக்ஸை (தேடலுக்கான சொல் அட்டவணையை) அழித்துத் திரும்பக் கட்டினேன். ஊர்ப்பெயரின் முன்னும் பின்னும் இருந்த இடைவெளிகளை நீக்கினேன். ஃபான்ட்டையும் மாற்றிப் பார்த்தேன். பலனில்லை.

அப்புறம் சொல்லின் நீளத்தை எண்ணச் சொன்னேன். தேடலில் வந்த வேலைகளின் வரிகளில் 4, வராத வரிகளில் 5! கண்ணுக்கு இரண்டும் ஒரே 'கோவை'. ஒன்றில் ஓகாரக் குறி ஒரே யூனிகோடு எழுத்து. மற்றதில் இரட்டைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனி.

தளத்தின் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸில் 13-ஆம் பதிப்பு முதல் இருக்கும் நார்மலைஸ் வசதியால், பழைய வரிகளையெல்லாம் என்.எஃப்.சி. வடிவத்துக்கு, அதாவது பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவத்துக்கு, மாற்றினேன். புதிதாகச் சேர்க்கும்போதும் தேடும்போதும் அதே மாற்றம். இரண்டு பக்கமும் செய்வது முக்கியம். 14 வேலைகளும் வந்தன, நிம்மதி.

ஒன்று மட்டும் இதற்கு அடங்காது. சௌகார்பேட்டையைச் சிலர் 'செ' போட்டு 'ள' தட்டி எழுதுகிறார்கள். அது வேறு எழுத்து என்பதால் என்.எஃப்.சி. தொடாது. கொம்புக்குப் பின் 'ள' வரும் இடத்தையெல்லாம் மொத்தமாக ஔகாரக் குறியாக மாற்றினால் வெள்ளக்கோவில் கெட்டுவிடும். அதனால் அப்படிப்பட்ட ஊர்களுக்குத் தனிப் பட்டியல் வைத்தேன்.