பணிச்சுமையை எடைபோட்டுக் குறைப்பது எப்படி?

ஒரு குழுவில் வேலை தேங்கும்போது, ஊழியர்களுக்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன், அந்த வேலை அவர்களிடம் எதையெல்லாம் கேட்கிறது என்பதை மேற்பார்வையாளர் ஒரு வாரமாவது கவனித்து எழுதிவைக்க வேண்டும். வேலையின் அளவு, கெடு, இடையூறுகள், எரிந்து விழுபவரிடமும் முகம் சுளிக்காமல் பேச வேண்டிய கட்டாயம், மேலதிகாரிகள் ஆளுக்கொன்றாக இடும் உத்தரவுகள் ஆகிய அனைத்தும் இக்கணக்கில் சேரும். கடைசி இரண்டும் அறிக்கைகளில் பெரும்பாலும் இடம்பெறாததால், அவற்றை ஊழியர்களிடம் கேட்டுத்தான் அறிய முடியும்.

அடுத்து, ஒவ்வொரு சுமைக்கும் எதிரே, அதைச் சமாளிக்க ஊழியருக்கு என்ன அதிகாரம் உள்ளது என்று எழுதுங்கள். சுமை மிகுந்தும், வேலையை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைந்தும் இருக்கும் இடத்தில்தான் மன அழுத்தம் கடுமையாகிறது என்று பணிச்சூழல் ஆய்வாளர் ராபர்ட் காரசெக் 1979இல் விளக்கினார். உரிமையும் சேர்ந்து மிகுந்திருந்தால், அதே சுமை கற்றலுக்கு இடம் தரும் என்பது அவர் கருத்து. லண்டன் அரசு ஊழியர்களிடையே 1985இல் தொடங்கிய ஆய்வும், தம் வேலையைத் தாமே தீர்மானிக்கும் உரிமை குறைந்தவர்களுக்கு இதயநோய் வாய்ப்பு கூடுதல் என்று கண்டது.

வாடிக்கையாளர் அழைப்பு மையத்தை எடுத்துக்கொள்வோம். சிறு தொகையைத் திருப்பித் தரவும் மேலாளரின் ஒப்புதல் வேண்டுமென்றால், வாடிக்கையாளர் இணைப்பில் காத்திருக்க, திரையில் நொடிகள் ஓட, ஏச்சு முழுவதையும் வாங்கிக்கொள்பவர் ஊழியரே. குறிப்பிட்ட வரம்புவரை அவரே முடிவெடுக்கலாம் என்றால், அழைப்புகள் குறையாமலே சுமை குறையும். இதைச் செய்யாமல் தியான வகுப்பு நடத்துவது, என் பார்வையில், வேலைப் பட்டியலில் இன்னொன்றைச் சேர்ப்பதுதான்.

நீண்ட பணிநேரம் என்ற சுமைக்கு மட்டும் அதிகாரம் ஈடாகாது. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட, 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் ஏறத்தாழ 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் மதிப்பிட்டன.

உற்பத்தி எண்ணிக்கை சரியவில்லை என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் தாமதமாகத்தான் சரியும். அதற்கு முன்பே சரிபார்ப்புகள் விடுபடும், சக ஊழியருக்கு உதவுவது நின்றுபோகும், விடுப்பிலும் அலைபேசியில் வேலை தொடரும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, சில வாரங்கள் கழித்து ஊழியர்களிடமே மீண்டும் கேளுங்கள். மிச்சமாகும் நேரத்தில் உடனே புதிய வேலையைத் திணிக்காதீர்கள்.